கைப்படச் செய்யும் அறிவியல், கணிதச் செயல்திட்டங்கள்: வகுப்பில் உண்மையாகவே பயன் தந்தவை எவை?

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் படிநிலை இரண்டு (நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரை) மாணவர்களுக்கு அறிவியலும் கணிதமும் கற்பிக்கிறேன். 2021இல் ஆறாம் ஆண்டு மாணவருக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பிறகு, வகுப்புசார் மதிப்பீட்டின் பெயரால் செயல்திட்டங்களுக்கு நிறையவே இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் செயல்திட்டம் என்றவுடன் மேசைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் எரிமலை மாதிரியும் வண்ணம் பூசிய பந்துகளால் ஆன சூரியக் குடும்பமுமாகத்தான் இருக்கிறது. அவற்றைச் செய்வதில் மாணவர்களுக்கு மகிழ்ச்சி உண்டு என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பிள்ளை எதையும் அளப்பதில்லை, முன்பே தெரியாத எதையும் தெரிந்துகொள்வதும் இல்லை.

சில ரிங்கிட்டுக்குள் முடியக்கூடிய, ஓரிரு பாடவேளைக்குள் அடங்கக்கூடிய, மாணவர் தம் கையால் எடுத்த அளவிலிருந்தே விடை பிறக்கக்கூடிய செயல்திட்டங்களைத் தேடுகிறேன். உங்கள் வகுப்பில் நடந்து பார்த்தவற்றை, என்ன தடை வந்தது என்பதோடு சேர்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.

நிழல்கோல் (ஜார்ஜ்டவுன்) எழுதியது:

டீச்சர், பினாங்கில் இருப்பவர்களுக்கு இயற்கை தந்திருக்கும் செயல்திட்டம் ஒன்று இருக்கிறது; அதற்கு ஒரு கோலும் சுண்ணக்கட்டியும் போதும். ஜார்ஜ்டவுன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5.4 பாகையில் இருப்பதால், ஆண்டுக்கு இரண்டு முறை, அதாவது ஏப்ரல் 3ஐ ஒட்டியும் செப்டம்பர் 8, 9 வாக்கிலும், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நேரத்தில் செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழலே இருக்காது.

இங்கே மாணவர் முதலில் வியப்பது நிழல் மறைவதைக் கண்டு அல்ல, அது மறையும் நேரத்தைக் கண்டுதான். நண்பகல் என்றால் 12 மணி என்று எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். ஆனால் நம் கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 120 பாகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் அந்த நேரத்தைப் பின்பற்றி வருகிறது. நாம் இருப்பதோ 100.3 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், சூரியன் நம் உச்சிக்கு வர ஏறத்தாழ 79 நிமிடம் தாமதமாகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் இன்னும் மூன்று நிமிடம் கூடுவதால் உச்சிப்பொழுது 1.22 மணிக்கு வருகிறது. பள்ளி முடியும் நேரத்தை ஒட்டி வரும் இந்தக் கணம்தான் இந்தத் திட்டத்தின் தடை. ஆனால் அந்தத் தடையையே பாடமாக்கிக்கொள்ளலாம்.

எப்படி என்றால், ஒரு மீட்டர் கோலை நட்டு 11.22, 11.52, 12.22, 12.52 ஆகிய நேரங்களில் நிழலின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். அந்த நாளில் ஏறத்தாழ 57, 41, 27, 13 சென்டிமீட்டர் என்று வரும். இந்த நான்கு புள்ளிகளையும் வரைகட்டத் தாளில் குறித்து, அவற்றின் வழியே கோட்டை நீட்டி, நிழல் எந்த நிமிடத்தில் காணாமற்போகும் என்று ஒவ்வொரு குழுவும் முன்கூட்டியே எழுதித் தந்துவிட வேண்டும். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் திடலிலேயே நின்று தங்கள் கணிப்பு பலிக்கிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் இருக்கச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

இரண்டு எச்சரிக்கைகள். கோல் சாய்ந்திருந்தால் எல்லா அளவும் பிழைத்துவிடும் என்பதால், நூலில் ஒரு கனமான திருகாணியைக் கட்டித் தொங்கவிட்டு அதன் நேர்மையைச் சரிபார்க்க வேண்டும். சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது. நிழலை மட்டுமே பார்க்க வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

கோம்பாக் ஆசிரியர் எழுதியது:

ஐயா, கோலாலம்பூருக்கும் இது பொருந்துமா? ஏப்ரலில் மதியத்துக்கு மேல் மேகம் மூடிக்கொண்டால் முழு வகுப்பும் ஏமாந்துபோகுமே.

நிழல்கோல் (ஜார்ஜ்டவுன்) எழுதியது:

பொருந்தும் ஐயா. உங்களுக்கு மார்ச் 28, செப்டம்பர் 15 வாக்கில் வரும். மார்ச் மாதத்தில் உச்சிப்பொழுது 1.18 மணி அளவில் இருக்கும். மேகத்துக்கு மருந்து, ஒரே நாளை நம்பியிராமல் ஒரு வாரத்தை ஒதுக்கிக்கொள்வதுதான். இந்தக் காலத்தில் சூரியன் நாளொன்றுக்கு 0.4 பாகை அளவுதான் வடக்கிலோ தெற்கிலோ நகர்வதால், குறித்த நாளுக்கு இரண்டு நாள் தள்ளி அளந்தாலும் மீட்டர் கோலின் உச்சிப்பொழுது நிழல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாது. நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்பதைக் கொண்டு, சூரியன் நம் உச்சியைத் தாண்டிவிட்டதா, இன்னும் வரவில்லையா என்றுகூடப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

புள்ளிக்கோலம் (புக்கிட் மெர்தாஜாம்) எழுதியது:

வணக்கம். அறிவியலுக்கு நிழல்கோல் ஐயா சொல்லிவிட்டார். கணிதத்துக்கு நான் ஒன்று சொல்கிறேன். ஒற்றைப்படை எண்களைக் கூட்டுவது, வர்க்க எண், சமச்சீர் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் கொண்டுவர எனக்குக் கைகொடுப்பது புள்ளிக்கோலம்தான். மாவு வேண்டாம், பள்ளி வளாகத்திலோ பூங்காவிலோ உதிர்ந்து கிடக்கும் சிவப்புச் சாகா விதைகளே போதும். (மஞ்சாடி என்று ஊரில் சொல்வார்களே, அதே விதை. கருப்புப் பொட்டு வைத்த குன்றிமணியைத் தவறியும் எடுத்து வந்துவிடக் கூடாது, அது நஞ்சு. விதை சேகரிக்கும் முன் இரண்டையும் படத்தில் காட்டி வேறுபடுத்திவிடுங்கள்.)

முதலில் 1, 3, 5, 7, 5, 3, 1 என்ற நேர்ப்புள்ளி வரிசையில் விதைகளை அடுக்கச் சொல்கிறேன். மொத்தம் எத்தனை என்று கேட்டால், பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணி 25 என்பார்கள். எண்ணாமல் சொல்ல வழி உண்டா என்ற கேள்வியில்தான் பாடம் தொடங்குகிறது. சிலர் மேல் நான்கு வரிசையைப் பிரித்து 1 + 3 + 5 + 7 = 16 என்றும், கீழ் மூன்று வரிசையை 5 + 3 + 1 = 9 என்றும் கூட்டுவார்கள். பதினாறும் ஒன்பதும் நான்கின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் என்று யாரேனும் ஒரு பிள்ளை சொல்லும்வரை நான் வாய் திறப்பதில்லை.

அடுத்த படி இதைவிட அழகானது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறம் வராதபடி, சதுரங்கப் பலகையைப் போல, சிவப்பு விதையையும் பச்சைப்பயற்றையும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் இருப்பவை எல்லாம் சிவப்பாக இருக்கட்டும். முடிந்ததும் தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்தால், நான்குக்கு நான்காக ஒரு சிவப்புச் சதுரம் சாய்ந்து நிற்பதும், அதன் இடைவெளிகளில் மூன்றுக்கு மூன்றாக ஒரு பச்சைச் சதுரம் அமர்ந்திருப்பதும் கண்ணுக்குத் தெரியும். எண்ணிக்கையில் கிடைத்த 16உம் 9உம் இப்போது வடிவமாக முன்னே நிற்கின்றன. இந்த இடத்தில் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். அவசரப்பட்டு விளக்கத் தொடங்காதீர்கள்.

ஆறாம் ஆண்டு மாணவருக்கு இன்னொரு படியும் உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் சரியாக 61 விதை கொடுங்கள். ஒரு குழு 1, 3, 5 என்று தொடங்கி 11 வரை ஏறி மீண்டும் 1 வரை இறங்கும் நேர்ப்புள்ளிக் கோலத்தை அடுக்கட்டும். இன்னொரு குழு 5, 6, 7, 8, 9, 8, 7, 6, 5 என்று இடைப்புள்ளிக் கோலம் அடுக்கட்டும். முதலாவது சாய்சதுர வடிவமாகவும் இரண்டாவது அறுகோணமாகவும் வரும். இரண்டிலும் ஒரு விதைகூட மிஞ்சாது. பிறகு அறுகோணக் கோலத்தின் சிறிய அளவுகளை ஒவ்வொன்றாகச் செய்யவிட்டால் 1, 7, 19, 37, 61 என்ற தொடர் கிடைக்கும். அடுத்தடுத்த வேறுபாடுகள் 6, 12, 18, 24. ஆறின் வாய்ப்பாடு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நடுப்புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாக விரலால் வரைந்து காட்டும் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பாட்டியிடம் கோலம் போடக் கற்றுக்கொண்ட பெண்பிள்ளைகள் இந்தப் பாடத்தில் முன்னே வந்து நிற்பார்கள். மற்றக் கணிதப் பாடங்களில் பேசாமல் இருக்கும் பிள்ளைகளாகவே அவர்கள் பல நேரம் இருக்கிறார்கள். இந்தத் திட்டத்தை நான் விடாமல் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

இரண்டுமே அருமை. 61 விதை என்பது என் மனத்தில் ஒட்டிக்கொண்டது. முப்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் விதைகள் தரையில் சிதறாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள், அக்கா?

புள்ளிக்கோலம் (புக்கிட் மெர்தாஜாம்) எழுதியது:

முட்டை அட்டை ஒன்றில் எண்ணிப் போட்டுக் கொடுங்கள். அடுக்கும் மேசையில் ஒரு பழைய துண்டை விரித்துவிட்டால் விதை உருளாது. நால்வருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். ஐந்தாவது பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும்.

சங்குப்பூ (ஆயிர் ஈத்தாம்) எழுதியது:

அமிலம், காரம் பற்றிய பாடத்துக்கு லிட்மஸ் தாள் வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊர் நியோன்யா பலகாரங்களுக்கு நீல நிறம் ஊட்டும் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் போதும். அந்த நீல நீரில் லிமாவ் கஸ்தூரி பிழிந்தால் ஊதாவாகி, மேலும் பிழிந்தால் இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால் பச்சை கலந்த நீலமாக மாறும். வெந்நீரை ஆசிரியரே ஊற்றிக் கொண்டுவருவது நல்லது.

இதோடு மஞ்சளையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தவுடன் நீர் சிவந்துவிடுவதை நம் பிள்ளைகள் வீட்டிலும் கல்யாண மண்டபத்திலும் பார்த்திருப்பார்கள். அதற்கான காரணம் சுண்ணாம்பின் காரத்தன்மை என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மஞ்சளைத் தடவிக் காயவைத்த வெள்ளைத்தாள் துண்டுகளில் சவர்க்கார நீர், சுண்ணாம்பு நீர், எலுமிச்சைச் சாறு, வெறும் நீர் ஆகியவற்றைச் சொட்டுவிடச் செய்தால், முதல் இரண்டும் சிவக்கும். எலுமிச்சைக்கும் வெறும் நீருக்கும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

என் பார்வையில் முக்கியமான கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது. மஞ்சள் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு திரவம் அமிலமா வெறும் நீரா என்று சொல்ல முடியுமா? முடியாது என்பதையும், அதற்குச் சங்குப்பூ தேவை என்பதையும் பிள்ளைகள் தாமே கண்டறிய வேண்டும். பெயர் எழுதாத மூன்று குவளைகளைக் கொடுத்து, இரண்டு சோதனைகளையும் பயன்படுத்தி எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நுகர்ந்து பார்ப்பதும் சுவைப்பதும் கூடாது என்பது நிபந்தனை. சுண்ணாம்பு கண்ணில் படாமல் இருக்க, தெளிந்த மேல்நீரை மட்டும் வடித்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு பெற்றோர் (பாயான் லெப்பாஸ்) எழுதியது:

ஆசிரியர்களுக்கு வணக்கம். பெற்றோரின் பக்கத்திலிருந்து ஒன்று கேட்கலாமா? செயல்திட்டம் வீட்டுக்கு வரும்போது, மற்றப் பிள்ளைகளின் படைப்பு அழகாக இருக்குமே என்ற கவலையில் நாங்களே செய்து முடித்துவிடுகிறோம். நீங்கள் எழுதியவற்றில் எதை வீட்டில் செய்யவிடலாம், எங்கள் கை எதுவரை போகலாம்?

புள்ளிக்கோலம் (புக்கிட் மெர்தாஜாம்) எழுதியது:

கேட்டதற்கு நன்றி. பொருள் வாங்கித் தருவதும், சூடான நீர், கத்தி போன்றவற்றைக் கையாள்வதும் உங்கள் வேலை. அளப்பது, எழுதுவது, ஏன் என்று சொல்வது மூன்றும் பிள்ளையின் வேலை. அளவு தப்பாக இருந்தாலும் திருத்தாமல் அனுப்புங்கள். என் வகுப்பில் அழகுக்குப் புள்ளியே கிடையாது. எழுதிய எண்ணுக்கும் சொன்ன காரணத்துக்கும்தான் புள்ளி.

தோட்டப்பள்ளி ஆசிரியர் (தென் செபராங் பிறை) எழுதியது:

எங்கள் பள்ளியில் மாணவர் மிகக் குறைவு. கூட்டு வகுப்பாக நடத்துகிறோம். அதனால் வெவ்வேறு வயதினர் ஒன்றாகச் செய்யக்கூடியதே எனக்கு வேண்டும். மழைமானி அதற்குப் பொருத்தமாக அமைந்தது.

நேரான பக்கங்கள் கொண்ட கனிமநீர்ப் புட்டியின் மேற்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல் செருக வேண்டும். புட்டியின் அடி மேடுபள்ளமாக இருப்பதால், கூழாங்கற்களைப் போட்டு, பக்கங்கள் நேராகும் உயரம்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சிறுமழை நாள்களின் அளவு எல்லாம் பிழையாகிவிடும். சிறிய பிள்ளைகள் தினமும் காலையில் மில்லிமீட்டரைப் படித்துப் பட்டைக் குறிவரைவில் நிரப்புவார்கள். பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். அப்படியானால் 200 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டர். பூச்செடிகளுக்கு நாளொன்றுக்கு எத்தனை வாளி நீர் ஊற்றுகிறோம், இந்த ஒரு மழை எத்தனை நாளுக்குப் போதும் என்று அவர்களே கணக்கைத் தொடர்ந்துகொண்டு போனார்கள்.

படித்து முடித்ததும் ஒவ்வொரு நாளும் மழைநீரைக் கொட்டிவிட்டு, பூச்சியக் கோடுவரை புதிய நீரை மாற்ற வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரத்துக்குச் சற்று மேல் போதும். பள்ளி விடுமுறைக்கு முன் புட்டியை எடுத்துக் கவிழ்த்து வைப்பதற்கு ஒரு பொறுப்பாளரை நியமித்துவிடுங்கள்.

கோம்பாக் ஆசிரியர் எழுதியது:

இவை அனைத்தையும் படிக்கும்போது ஆர்வம் வருகிறது. ஆனாலும் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பாடத்திட்டத்தில் முடிக்க வேண்டிய திறன்கள் நிறைய. ஒரு கருத்தை நேரடியாக விளக்கி, பயிற்சி கொடுத்தால் ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். இதே கருத்துக்குச் செயல்திட்டம் என்றால் மூன்று பாடவேளை போகிறது. பின்தங்கிய மாணவர், செய்து முடித்த பிறகும் என்ன கற்றோம் என்று சொல்லத் தெரியாமல் நிற்பதும் உண்டு. ஆகவே எல்லாவற்றையும் செயல்திட்டமாக்குவதை நான் ஏற்கவில்லை.

நான் செய்வது ஆண்டுக்கு ஒரு பெரிய திட்டம் மட்டும். கோணமானியில் உறிஞ்சுகுழலை ஒட்டி, நூலில் எடை தொங்கவிட்டு ஏற்றக்கோணமானி செய்து, முதலில் பள்ளிக் கொடிக்கம்பத்தையும் பிறகு பத்துமலை முருகன் சிலையையும் அளக்கிறோம். முக்கோணவியல் தேவையில்லை, சிலையின் உச்சி 45 பாகையில் தெரியும் இடத்துக்குப் பின்னோக்கி நடந்துபோய் நின்றால், அங்கிருந்து சிலைவரை உள்ள தூரத்தோடு தன் கண்ணின் உயரத்தைக் கூட்டினால் சிலையின் உயரம். சிலை 42.7 மீட்டர். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வந்தது. காரணத்தைத் தேடியபோது, தூரத்தை அவர்கள் பீடத்தின் விளிம்புவரை மட்டுமே அளந்திருக்கிறார்கள், உச்சியோ பீடத்தின் நடுவுக்கு மேலே இருக்கிறது என்பதை ஒரு மாணவி தரையில் படம் வரைந்து காட்டினாள். அந்த ஒரு படத்துக்காக மூன்று பாடவேளையும் தகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நிழல்கோல் (ஜார்ஜ்டவுன்) எழுதியது:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கும் பின்னச் சுருக்கத்துக்கும் பயிற்சிதான் வழி; அங்கே செயல்திட்டத்தைத் திணிக்க வேண்டாம். அளவும் பிழையும் வரும் இடத்தில் மட்டும் வேறு வழியில்லை. அந்த மாணவி கண்டதைப் போல, விடை ஏன் தப்பியது என்று தேடும் பழக்கம் விளக்கிச் சொல்லி வருவதில்லை. பின்தங்கிய மாணவருக்கு நான் செய்வது, தொடங்கும் முன்பே 'என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்' என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது. முடிவில் அந்த வரியைத் திரும்ப எடுத்துக் கொடுத்தால், என்ன மாறியது என்று சொல்ல அவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

ஆண்டுக்கு ஒரு பெரிய திட்டம் என்றால், இரண்டு பள்ளிகள் சேர்ந்து பூமியின் சுற்றளவை அளக்கலாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரதோஸ்தனீசு, எகிப்தின் சையீன் நகரில் உச்சிவெயில் கிணற்றின் அடிவரை விழும் நாளில் அலெக்சாந்திரியாவில் நிழலை அளந்து, அதன் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்டார். நமக்குப் பினாங்கும் ஜொகூர் பாருவும் போதும். ஜூன் 21 வாக்கில் ஒவ்வொரு பள்ளியும் தன் உச்சிப்பொழுதில் மீட்டர் கோலின் நிழலை அளந்தால், இங்கே 32.5 சென்டிமீட்டரும் அங்கே 40.3 சென்டிமீட்டரும் வரவேண்டும். அளவுப்படம் வரைந்து கோணமானியால் படித்தால் 18 பாகை, 22 பாகைக்குச் சற்றுக் குறைவு; வேறுபாடு ஏறத்தாழ 3.9. இரு ஊருக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் ஏறத்தாழ 434 கிலோமீட்டர். 360ஐ 3.9ஆல் வகுத்து 434ஆல் பெருக்கினால் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டி வந்து நிற்கும். நெடுஞ்சாலைத் தூரத்தைப் போட்டால் விடை பெரிதாகிவிடும். சாலை வளைந்தும் கிழக்கே சாய்ந்தும் போகிறது என்பதை வரைபடத்தில் அவர்களே பார்க்கட்டும்.

இதில் அரை சென்டிமீட்டர் பிழை என்பது கால் பாகைப் பிழை. அதுவே சுற்றளவில் 2,500 கிலோமீட்டர் வரை இழுத்துவிடும். சூரியனின் வட்டம் வானில் அரைப் பாகை அகலம் என்பதால், நிழலின் நுனியே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கித் தெரியும். ஆகவே கோலின் உச்சியில் சிறு துளையிட்ட அட்டையைப் படுக்கையாகப் பொருத்தி, தரையில் விழும் ஒளிப்பொட்டின் நடுவை அளக்க வேண்டும். கோலின் உயரத்தையும் அட்டைவரை அளந்துகொள்ளுங்கள்.

தெப்ராவ் ஆசிரியை (ஜொகூர் பாரு) எழுதியது:

ஐயா, எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்பு இதற்குத் தயார். எங்களுக்கு உச்சிப்பொழுது 1.07 வாக்கில் வரும் என்று கணக்கிட்டேன், உங்களுக்கு 1.20 அளவில் இருக்கும். இரு பக்கமும் குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து பத்து நிமிடம் பின்புவரை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிப்பொட்டைக் குறித்து, அவற்றில் மிகக் குறுகிய நிழலை எடுத்துக்கொள்ளலாமா? வார இறுதியோ விடுமுறையோ குறுக்கிட்டால் சில நாள் தள்ளி வைத்தாலும் தவறில்லை. ஜூன் 21ஐ ஒட்டிச் சூரியனின் உயரம் நாளுக்கு நாள் மிகக் குறைவாகவே மாறுகிறது. இரு பள்ளியும் ஒரே நாளில் அளக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

பினாங்குப் பக்கத்துக்கு எங்கள் வகுப்பும் சேர்ந்துகொள்கிறது. பட்டர்வொர்த்தும் ஜார்ஜ்டவுனும் ஏறத்தாழ ஒரே அகலாங்கில் இருப்பதால், எங்கள் இருவரின் அளவும் ஒத்துவர வேண்டும்; ஒத்துவராவிட்டால் ஜொகூருக்கு அனுப்பும் முன்பே பிழை யாருடைய கோலில் என்று பார்த்துவிடலாம். கோல் ஒரு மீட்டர், துளை ஐந்து மில்லிமீட்டர் என்று மூன்று பள்ளிக்கும் ஒரே அளவாக வைத்துக்கொள்வோம். பதிவு அட்டவணையை நான் தயாரித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிறேன். அதில் எடுத்த அளவுகள் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். தவறு என்று தோன்றியதையும் அழிக்காமல், மேலே ஒரு கோடு மட்டும் போட்டு அப்படியே விடும்படி மாணவரிடம் சொல்லிவிடுங்கள்.